சோறு நின்ற முதல் வாரம்

குளூட்டனை விடுவது வேறு, தானியத்தை விடுவது வேறு. குளூட்டன் என்னும் புரதம் கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்றில் இருக்கிறது. அரிசி, கம்பு, சோளம், ராகி, தினை, சாமை, மக்காச்சோளம் எதிலும் அது கிடையாது. கொங்கு நாட்டு வெள்ளகோவில் சுற்றுவட்டாரத்து மானாவாரிக் காடுகள் ஒரு காலத்தில் போட்ட சோறு கம்பஞ்சோறும் சோளச்சோறும் ராகிக்களியும்தான். அந்தச் சாப்பாட்டில் விடுவதற்குக் குளூட்டனே இல்லை. கோதுமை பிறகு வந்தது: பரோட்டாவாக, சர்க்கரைக்காரர் வீட்டு இரவுச் சப்பாத்தியாக, ரவை உப்புமாவாக, சேமியாவாக, டீக்கடை பன்னாக. எனவே ‘எல்லாத்தையும் நிறுத்திட்டேன், உடம்பு படுத்துது’ என்று ஒருவர் சொன்னால், அவர் நிறுத்தியது கோதுமையை மட்டுமா, சோற்றையும் சேர்த்தா என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது. இரண்டிலும் வரும் தொல்லைகள் வேறு, அவற்றைத் தீர்க்கும் வழியும் வேறு.

குளூட்டனை ஆயுள் முழுக்க விட்டே ஆக வேண்டியவர்கள் சீலியாக் நோயாளிகள். அவர்களுக்குக் குளூட்டன் உள்ளே போகும்போதெல்லாம் உடலின் எதிர்ப்பாற்றல் சிறுகுடலின் உட்சுவரையே தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் விரல் போன்ற மடிப்புகள் தேய்ந்து மழுங்குகின்றன. நெதர்லாந்தில் 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் ரொட்டி கிடைக்காதபோது இந்நோய்ப் பிள்ளைகள் தேறியதையும், ரொட்டி திரும்பியதும் மறுபடி நோயில் விழுந்ததையும் கண்ட மருத்துவர் வில்லம் டிக்கே, கோதுமையே காரணம் என்பதை 1950இல் தம் ஆய்வேட்டில் நிறுவினார்.

இந்தியாவில் 23,331 பெரியவர்களைப் பரிசோதித்து 2016இல் வெளியான ஆய்வு தமிழ்நாட்டுக்காரர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. சீலியாக் நோய் வடக்கில் நூற்றுக்கு 1.23, வடகிழக்கில் 0.87, தெற்கில் வெறும் 0.10. நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு வடக்கிலும் தெற்கிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் காணப்பட்டது. வேறுபட்டது தட்டு: வடக்கில் நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம் கோதுமை, தெற்கில் 25 கிராம். மரபணு இங்கேயும் இருக்கிறது என்பதால், பரோட்டாவும் சப்பாத்தியும் பெருகும் ஊர்களில் ஆறாத வயிற்றுப்போக்கு, தீராத ரத்தசோகை, வளராத பிள்ளை என்று வந்தால் மருத்துவர்கள் இந்நோயையும் நினைத்துப் பார்ப்பது நல்லது.

சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனையைக் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டும். இதில் தவறுகிறவர்கள் அதிகம். கோதுமையை நிறுத்திச் சில மாதங்களானால் ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருள் குறைந்துவிடும். நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரும். சரியாகத் தெரிந்துகொள்ள மறுபடி வாரக்கணக்கில் கோதுமையைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

சீலியாக் உறுதியானவருக்குக் கோதுமையை நிறுத்திய பிறகும் வயிறு உப்புசம், போக்கு நீடிப்பதுண்டு. பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குடல் மடிப்புகளின் நுனியில் சுரக்கிறது. நுனி தேய்ந்திருக்கும்வரை பால் ஒத்துக்கொள்ளாது. மடிப்புகள் வளர மாதங்கள் ஆகும், பெரியவர்களுக்கு ஓரிரு ஆண்டுகள்கூட. அதுவரை பாலைக் குறைத்துத் தயிர், மோரோடு நிற்பது பலருக்கும் போதும். இன்னொரு காரணம் மறைந்திருக்கும் கோதுமை. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். மால்ட் பானங்களில் பார்லி இருக்கும், சோயா சாஸில் கோதுமை. மாவு மில்லில் முன்னால் ஒருவர் கோதுமை அரைத்துப் போன கல்லில் அடுத்து அரைபடும் ராகியும் கம்பும் சுத்தமாக இருக்காது. குளூட்டன் இல்லாத உணவு என்று விற்கப்படும் பொருளில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு. அரவைக்கல்லில் தங்கிய ஒரு பிடி மாவு அதைத் தாண்டிவிடும். சீலியாக் நோயாளி உள்ள வீட்டில் சிறுதானியத்தை வீட்டு மிக்சியில் அரைத்துக்கொள்வதே பத்திரம்.

சீலியாக் இல்லாமலே கோதுமையை விட்டதும் வயிறு லேசானவர்களும் உண்டு. அவர்களில் பலருக்குக் குற்றவாளி குளூட்டனாக இருப்பதில்லை. கோதுமையிலுள்ள ஃப்ரக்டான் என்னும் மாவுச்சத்து பெருங்குடலில் புளித்துக் காற்றை உண்டாக்குகிறது. நார்வேயில் 59 பேரிடம் நடந்து 2018இல் வெளியான சோதனையில், குளூட்டனைவிட ஃப்ரக்டானே வயிற்றைத் தொந்தரவு செய்தது. வெங்காயத்திலும் பூண்டிலும் ஃப்ரக்டான் இருக்கிறது. சப்பாத்தியை விட்டும் உப்புசம் தீராதவர்கள் குழம்பில் விழும் சின்ன வெங்காயத்தைக் கொஞ்ச நாள் குறைத்துப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கானோர் சோற்றையும் சேர்த்து நிறுத்தத் தொடங்கியது கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில். நியாண்டர் செல்வன் எழுதிய ‘பேலியோ டயட்’ நூலும், அவர் தொடங்கிய ‘ஆரோக்கியம் & நல்வாழ்வு’ குழுவும் அதற்குப் பெரிய காரணம். காலையில் நூறு பாதாம், வெண்ணெய் போட்ட டீ, மதியம் காலிஃப்ளவரைத் துருவிய ‘சோறு’, இரவில் முட்டை அல்லது கறி என்ற பட்டியல் கொங்கு நாட்டு வீடுகளுக்குள் வந்தது இப்படித்தான். நூற்றுக்குப் பதினான்கு பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கும் மாநிலத்தில் இதற்கு ஆள் சேர்ந்ததில் வியப்பில்லை. எடையும் சர்க்கரையும் குறைந்தவர்கள் நிறைய. ஆனால் முதல் வாரத்திலேயே ‘இது நமக்கு ஆவாதுங்க’ என்று சோற்றுக்கே திரும்பியவர்களும் நிறைய. அவர்களை விரட்டியது பெரும்பாலும் பசி அல்ல, தலைவலியும் கிறுகிறுப்பும்.

அதன் காரணம் இது. உடல் மாவுச்சத்தைக் கிளைகோஜன் என்ற வடிவில் சேமிக்கிறது: கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம். ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறு நின்றதும் இந்த இருப்பு கரைய, அதோடு கட்டுண்ட நீரும் சிறுநீராகப் போகிறது. முதல் வாரத்தில் தராசில் குறையும் இரண்டு கிலோ பெரும்பாலும் இந்தத் தண்ணீர், கொழுப்பு அல்ல. அதோடு இன்சுலின் சுரப்பும் குறைகிறது. சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்கச் சொல்வதும் இன்சுலினின் வேலைகளுள் ஒன்று. இன்சுலின் தாழ்ந்ததும் சிறுநீரகம் உப்பை விட்டுவிடுகிறது, உப்பு போகிற வழியில் நீரும் போகிறது.

நம் சாப்பாட்டுக்கே உரிய இன்னொரு இழப்பும் இங்கே சேர்ந்துகொள்கிறது. தமிழ் வீட்டில் உப்பு வயிற்றுக்குள் போவது சோற்றின் மேல் ஏறித்தான்: குழம்பு, ரசம், மோர், தொட்டுக்க ஊறுகாய். சோறு போனால் அந்த நான்கும் கூடவே போய்விடும். வறுத்த பாதாமிலும் அவித்த முட்டையிலும் உப்பு சொற்பம். ஆக வெளியேறும் உப்பு கூடுகிறது, உள்ளே வரும் உப்பு குறைகிறது. சித்திரை வெயிலில் தறி குடோனில் நின்று வியர்க்கிறவருக்கு இது மூன்றாவது இழப்பு. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ தலைவலி, எழுந்து நின்றால் கண் இருட்டல், கை கால் அசதி, எரிச்சல், நெஞ்சு படபடப்பு, இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பது எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ‘உடம்புல இருந்த கழிவு வெளியேறுது, பொறுத்துக்குங்க’ என்று தேற்றுவது வழக்கமாகிவிட்டது. அந்தத் தேற்றல் தவறானது, சிலருக்கு ஆபத்தானதும்கூட. போய்க்கொண்டிருப்பது உப்பும் நீரும். அவற்றைத் திருப்பித் தர வேண்டும்.

ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம் மூன்றிலும் குறையில்லாதவர்கள் இந்த முதல் இரண்டு வாரங்களில் நாளுக்கு அரைத் தேக்கரண்டி முதல் ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்பைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம். உப்பிட்ட நீர்மோர் இரண்டு டம்ளர், ஆட்டுக்கால் சூப் அல்லது நாட்டுக்கோழி ரசம் ஒரு கிண்ணம், எலுமிச்சைச் சாறு உப்புப் போட்டு ஒன்று: இவ்வளவில் பலருக்குத் தலைவலி அன்றைக்கே அடங்கும். வெறும் தண்ணீரை மட்டும் செம்பு செம்பாகக் குடிப்பது இருக்கிற உப்பையும் நீர்த்துப்போகச் செய்து கிறுகிறுப்பைக் கூட்டும்.

தசைப்பிடிப்புக்கு உப்போடு பொட்டாசியமும் மெக்னீசியமும் வேண்டும். முருங்கைக்கீரை, தண்டுக்கீரை, தேங்காய் ஆகியவை பொட்டாசியத்துக்கு. பாதாம், பூசணி விதை ஆகியவை மெக்னீசியத்துக்கு. வெள்ளகோவில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஏலம் போகும் சூரியகாந்தி விதை எண்ணெய்க்கென்றே வாங்கப்படுகிறது. அந்த விதையின் பருப்பில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் மெக்னீசியம் இருக்கிறது, ஒரு கைப்பிடி வறுத்துத் தின்னத் தக்கது. சிறுநீரகம் பழுதானவர்கள் பொட்டாசியம் மிகுந்த எதையும் தாமாகக் கூட்டக் கூடாது.

மலக்கட்டு அடுத்த பெருந்தொல்லை. கறியும் முட்டையும் பனீரும் மட்டும் தின்றால் குடலுக்கு வேலையில்லை. வெள்ளகோவில், மூலனூர் பக்கத்து முருங்கையும் அதன் கீரையும் எல்லா நாளும் கிடைக்கும் மருந்து. அவரை, கொத்தவரை, வெண்டை, பீர்க்கு, வாழைத்தண்டு எல்லாமே சேரும். பொரியலைத் தொடுகறி அளவில் வைக்காமல் சோறு இருந்த இடத்தில் சோறளவே வைக்க வேண்டும். அப்படியும் தீராவிட்டால் இசப்பகோல் ஒரு தேக்கரண்டி, நிறையத் தண்ணீரோடு. நேர்மாறாக வயிற்றுப்போக்கு வந்தால் வெண்ணெய் டீயும் தேங்காய் எண்ணெயும் திடீரென்று கூடியது காரணமாக இருக்கலாம். பித்தப்பை எடுத்தவர்களுக்கு இது எளிதில் வரும். கொழுப்பைப் பாதியாக்கி வாரவாரம் மெல்ல ஏற்றலாம்.

வாய் நாற்றம், கொழுப்பு எரிவதால் உண்டாகும் அசிட்டோனின் வாடை. சில வாரங்களில் தணியும். முடி உதிர்வு தொடங்குவது இரண்டு மூன்று மாதம் கழித்து. எடை வேகமாக இறங்கியதும் புரதம் போதாததும் காரணம். பெரும்பாலும் அரை ஆண்டில் முடி திரும்பி வளரும். மார்பிலும் முதுகிலும் வலை போல் சிவந்து அரிக்கும் தடிப்பு, 1971இல் ஜப்பானில் நாகஷிமா விவரித்த அரிய தோல் நோயாக இருக்கலாம். மாவுச்சத்தைச் சற்றுக் கூட்டினால் பலருக்கு அது அடங்கிவிடுகிறது. கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன்கள் யூரிக் அமிலம் வெளியேறுவதைத் தடுப்பதால், முன்பே கால் கட்டைவிரல் வீக்கம் வந்தவர்களுக்கு முதல் வாரங்களில் வாதவலி மீளலாம். பாதாமில் ஆக்சலேட் மிகுதி. சிறுநீரகக் கல் வந்தவர்கள் நாளுக்கு நூறு பாதாமை நெருங்கவே கூடாது.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து மாத்திரைப் பெட்டியில் இருக்கிறது. கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு மாத்திரையோ இன்சுலின் ஊசியோ எடுப்பவர் சோற்றை நிறுத்திவிட்டு மருந்தை அதே அளவில் தொடர்ந்தால், ஓரிரு நாளில் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கலாம். வியர்வை, நடுக்கம், குழப்பம் வந்தால் 15 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அளவைக் குறைப்பது மருத்துவர் வேலை, அதுவும் சோற்றை நிறுத்தும் நாளுக்கு முன்பே.

டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்னும் மாத்திரைகளின் கதை இன்னும் கடுமை. இவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகின்றன. மாவுச்சத்தும் இல்லாமல் இந்த மருந்தும் சேர்ந்தால் கீட்டோன் அளவு மீறி ரத்தம் அமிலமாகலாம். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2015 மே மாதத்திலேயே இதை எச்சரித்தது. இந்த நிலையில் சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே இருக்கக்கூடும் என்பதால் ஏமாந்துபோவார்கள். குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு வந்தால் அதை முதல் வாரச் சோர்வு என்று வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய், மாத்திரையின் பெயரைச் சொல்லி ரத்தத்தில் கீட்டோன் பார்க்கச் சொல்ல வேண்டும். நீர் பிரிக்கும் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் எடுப்பவர்களுக்கு அழுத்தம் தாழ்ந்து நின்ற இடத்தில் விழ நேரலாம். அவர்கள் உப்பைக் கூட்டுவதற்கு முன் மாத்திரையை மருத்துவரிடம் சரிபார்க்க வேண்டும். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், முதல் வகைச் சர்க்கரை உள்ளவர்கள் இந்த உணவு முறையைத் தாமாகத் தொடங்கக் கூடாது. மற்றவர்களும் தொடங்கும் முன் கிரியாட்டினின், யூரிக் அமிலம், கொழுப்பு அளவுகளைப் பார்த்துக்கொண்டு மூன்று மாதத்தில் மறுபடி பார்ப்பது நல்லது. கெட்ட கொழுப்பு சிலருக்குச் செங்குத்தாக ஏறுகிறது.

ஒரே நாளில் நிறுத்தாமல் படிப்படியாகக் குறைத்தால் இந்தத் தொல்லைகளில் பாதி தெரியாமலே போகும். முதல் வாரம் பரோட்டா, பிஸ்கட், இனிப்பு. இரண்டாம் வாரம் இரவு டிபன். மூன்றாம் வாரம் மதியச் சோற்றில் பாதி என்று இறங்கலாம். திரும்பி வரும்போதும் அதே நிதானம் வேண்டும். கல்யாண வீட்டில் ஒரு வேளை சந்தகையும் ஒப்புட்டும் சாப்பிட்டு வந்த மறுநாள் தராசில் ஏறும் ஒரு கிலோ, காலியான கிளைகோஜன் கிடங்கு நிறைந்து பிடித்த நீர்தான். நிரந்தரமாகத் தானியத்துக்குத் திரும்புகிறவர் கம்பு, சாமை, அரிசி என்று ஒவ்வொன்றாக, சில நாள் இடைவெளி விட்டு, கோதுமையைக் கடைசியில் சேர்த்தால் வயிறு எதற்கு முரண்டு பிடிக்கிறது என்று தெரிந்துவிடும். அப்போது குறைத்திருந்த சர்க்கரை மாத்திரையையும் மருத்துவரிடம் மறுபடி கணக்குப் பார்க்க வேண்டும்.