கழுவக் கழுவப் போகாத கறை

ஸ்காட்லாந்து நாட்டு டன்சினேன் கோட்டை. நள்ளிரவு. ராணியின் பணிப்பெண்ணும் ஒரு வைத்தியரும் கண் விழித்துக் காத்திருக்கிறார்கள். இரண்டு இரவுகள் வீணாகிவிட்டன. தூக்கத்தில் நடக்கும் ராணி என்ன பேசினாள் என்று கேட்டால் பணிப்பெண் வாய் திறக்க மறுக்கிறாள். சாட்சி இல்லாமல் சொல்லிவிட்டு, வம்பில் மாட்டிக்கொள்வது யார்?

அன்று ராணி வருகிறாள். கண்கள் திறந்திருக்கின்றன, பார்வை இல்லை. கையோடு கையைத் தேய்த்துக் கழுவுகிறாள். கால் மணி நேரம்கூட இப்படிச் செய்வாளாம். தண்ணீரும் இல்லை, கையில் கறையும் இல்லை!

ஷேக்ஸ்பியர் 1606-ஆம் ஆண்டையொட்டி எழுதியதாகக் கருதப்படும் 'மாக்பெத்' நாடகத்தில் வரும் காட்சி இது.

துணிச்சல்காரி

தளபதி மாக்பெத்துக்கு அரியணை ஆசை இருந்தது. துணிச்சல் மனைவியிடம்தான் இருந்தது. மன்னன் டங்கன் தன் வீட்டுக்கே விருந்தாளியாக வந்தபோது மாக்பெத் தயங்கினான். அவனை ஏசி, இடித்துக் காட்டி ஏவியவள் அவள். காவலர்களின் பானத்தில் மயக்க மருந்து கலந்தவளும் அவளே. கொலை முடிந்ததும் பதற்றத்தில் குத்துவாள்களைக் கையோடு கொண்டுவந்துவிட்டான் கணவன். திரும்பிப் போக மறுத்தான். அவளே போய், தூங்கும் காவலர்கள் மேல் ரத்தம் பூசிவிட்டு வந்தாள். கொஞ்சம் தண்ணீர் போதும், எல்லாம் போய்விடும் என்று தைரியமும் சொன்னாள்.

அன்று அடர்ந்த இருளை வேண்டி அழைத்தவள், இன்று படுக்கையருகே எந்நேரமும் விளக்கு எரிய வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறாள்.

ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. தூங்கும் டங்கனின் முகம் தன் தகப்பனார் முகம்போல் இருந்தது, இல்லாவிட்டால் தானே முடித்திருப்பேன் என்று கொலை நடந்த இரவிலேயே அவள் சொல்கிறாள். மனச்சாட்சி பிறகு வந்து சேரவில்லை. அன்றே அங்கே இருந்தது. அதட்டி உட்கார வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

கணவன் போன வழி

மாக்பெத் இதற்கு நேர்மாறு. கொன்ற கையோடு 'ஆமென்' சொல்ல நா எழாமல் தவித்தவன் அவன். இனி உனக்குத் தூக்கமே இல்லை என்று ஒரு குரல் கேட்பதாக நடுங்கினான். பிறகு நண்பன் பாங்கோவைக் கொல்ல ஆள் அனுப்பினான், மனைவியிடம் சொல்லவில்லை. பாங்கோவின் ஆவி விருந்தில் அவன் கண்ணுக்கு மட்டும் தெரிந்தபோது, விருந்தினரைச் சமாளித்து அனுப்பியவள் அவள். அதன்பின் அந்தத் தூக்க நடை வரை அவளை மேடையில் காணோம். இதற்குள் மாக்டஃப் என்ற பிரபுவின் மனைவி மக்களையும் கொல்லச் செய்தான். ஒரு கொலையின் உறுத்தலை அடுத்த கொலையால் அமுக்கினான்.

அவளுக்கு அந்த வழியும் இல்லை. நினைத்துக்கொண்டிருப்பதுதான் வேலை. மாக்டஃப்பின் மனைவி எங்கே என்று தூக்கத்தில் கேட்கிறாள். அந்தக் கொலையை ஏவியவள் அவளல்ல. ஆனாலும் தன் கணக்கிலேயே எழுதிக்கொள்கிறாள்.

சரித்திரத்தில் டங்கன் மடிந்தது 1040-இல், போரில். மாக்பெத் 17 ஆண்டுகள் ஆண்டான். தூக்க நடை நாடகத்தில் வந்தது. 2003-இல் விஷால் பரத்வாஜ் 'மக்பூல்' என்ற இந்திப் படத்தில் இக்கதையை மும்பை நிழல் உலகத்துக்குக் கொண்டுவந்தார்.

ராணிக்கு மருந்து இல்லை, பாதிரியார்தான் வேண்டும் என்று வைத்தியர் கைவிரித்தார். பகைவர் படை நெருங்கும் வேளையில் கோட்டைக்குள் பெண்களின் அழுகுரல் எழுகிறது. முன்பு கதவு தட்டும் ஓசைக்கே நடுங்கியவன் மாக்பெத். பயம் எப்படி இருக்கும் என்பதே மறந்துவிட்டது என்கிறான். ராணி இறந்துவிட்டாள் என்று செய்தி வருகிறது. அவன் அழவில்லை.