எண்ணெய்க் கோடீசுவரர் எந்த ஊரில் குடியிருந்தார்?

உங்களிடம் கணக்கில்லாத பணம் இருக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். உலகத்தில் எந்தப் பட்டணத்தில் வேண்டுமானாலும் வீடு வாங்கலாம். லண்டனா, பாரிசா, நியூயார்க்கா? எந்த ஊருக்குக் குடி போவீர்கள்?

சின்னப் பிள்ளைகளைக் கேட்டால் கூட உடனே பதில் சொல்லி விடுவார்கள். ஆனால் உண்மையிலேயே அப்படிப் பணம் வைத்திருந்த ஒருவர், 73 வயது வரை ஊர் ஊராகப் போய்க் கொண்டிருந்தார். கடைசியில் அவர் தங்கியது லண்டனிலும் அல்ல, பாரிசிலும் அல்ல. போர்ச்சுக்கல் நாட்டின் தலைநகரான லிஸ்பனில்! அங்கேயும் சொந்த வீடு கிடையாது. ஓட்டலில் குடியிருந்தார்.

அவர் பெயர் கலூஸ்ட் குல்பெங்கியான்.

நூற்றுக்கு ஐந்து

துருக்கி நாட்டில் கான்ஸ்டாண்டிநோபிள் என்ற நகரம் இருந்தது. இன்று அதற்கு இஸ்தான்புல் என்று பெயர். அங்கே 1869-ம் ஆண்டு குல்பெங்கியான் பிறந்தார். வியாபாரம் செய்யும் ஆர்மீனியக் கிறிஸ்தவக் குடும்பம். லண்டனுக்குப் போய்ப் படித்தார்.

பிற்பாடு எண்ணெய்த் தொழிலில் இறங்கினார். ஈராக் நாட்டில் எண்ணெய் எடுக்க பிரிட்டிஷ், டச்சு, பிரெஞ்சு, அமெரிக்கக் கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்தன. அந்தக் கூட்டுக்குப் பாடுபட்டவர் குல்பெங்கியான். அதற்காக நூற்றுக்கு ஐந்து பங்கு வாங்கிக் கொண்டார். 1927-ல் கிர்க்கூக் என்ற இடத்தின் அருகே எண்ணெய் பீறிட்டது. 100 பீப்பாய் எடுத்தால் 5 பீப்பாய் அவருடையது! "மிஸ்டர் ஐந்து சதவீதம்" என்றே அவரை அழைத்தார்கள்.

உயிருக்குப் பயந்து...

பிறந்த ஊரை அவர் விரும்பி விட்டு வரவில்லை. 1896-ல் துருக்கியில் ஆர்மீனியர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். குல்பெங்கியான், மனைவி நெவார்ட்டையும் கைக்குழந்தை நுபாரையும் அழைத்துக் கொண்டு எகிப்துக்குத் தப்பி ஓடினார். குழந்தையைக் கம்பளத்தில் சுருட்டிக் கொண்டு போனதாக ஒரு கதை உண்டு.

பிறகு லண்டன் சேர்ந்தார். 1902-ல் பிரிட்டிஷ் பிரஜை ஆனார்.

ஒரு தடவை இப்படி வீடு வாசலை விட்டு ஓடியவருக்கு, மறுபடி எந்த ஊரிலும் காலூன்ற மனம் வந்திருக்காது. இது என் ஊகம். அவர் அப்படிச் சொல்லவில்லை.

மாளிகையில் படங்கள்

1922-ல் பாரிஸ் நகரில் பெரிய மாளிகை ஒன்றை வாங்கினார். உலகத்தில் விலைமதிப்புள்ள ஓவியங்கள், கம்பளங்கள், பழைய நாணயங்கள், எகிப்தியச் சிலைகள் எல்லாம் அதில் வந்து நிறைந்தன. ரஷிய சர்க்காருக்குப் பணமுடை ஏற்பட்டபோது, லெனின்கிராடு அரண்மனைப் பொருள்களை விற்றார்கள். ரெம்பிராண்ட் தீட்டிய படத்தையும், காதரின் மகாராணி வைத்திருந்த பளிங்குச் சிலையையும் குல்பெங்கியான் வாங்கினார்.

அந்தப் பொருள்களை "என் குழந்தைகள்" என்று சொல்லுவார்.

மாளிகையில் மனைவி இருந்தார். "குழந்தைகள்" இருந்தன. அவரோ பெரும்பாலும் ரிட்ஸ் ஓட்டலில் தங்குவார்! ஒரே ஊர்தான்.

பெற்ற பிள்ளையின் கதை வேறு. மகன் நுபார் தகப்பனார் ஆபீசில் வேலை பார்த்தார். ஒரு நாள் மத்தியானம் கோழிக்கறி வரவழைத்துச் சாப்பிட்டார். அந்தச் செலவைக் கம்பெனிக் கணக்கில் எழுதக் கூடாது என்று தகப்பனார் சொல்லி விட்டார். மகன் கோர்ட்டில் வழக்குப் போட்டார்! பிறகு வாபஸ் வாங்கிக் கொண்டார். ஒரு வேளைச் சாப்பாட்டில் வந்த சண்டை, ஊர் சிரித்தது.

வழியில் தங்கிய ஊர்

1940-ல் ஜெர்மன் படை பாரிஸ் நகரைப் பிடித்தது. குல்பெங்கியானுக்கு ஈரான் தூதரகத்தில் ஒரு பதவி இருந்தது. ஆகவே பிரெஞ்சு சர்க்கார் போன விஷி நகரத்துக்கு அவரும் போனார். விஷி, ஜெர்மனிக்குப் பணிந்த சர்க்கார். உடனே லண்டனில், "இவர் எதிரி நாட்டில் இருப்பவர்" என்று சொல்லி, அவருடைய எண்ணெய்ப் பங்கைப் பிடித்து வைத்துக் கொண்டார்கள். இத்தனைக்கும் அவர் பிரிட்டிஷ் பிரஜை! பங்கு பின்னால் திரும்பக் கிடைத்தது. மனவருத்தம் தீரவில்லை.

1942 ஏப்ரலில் லிஸ்பன் வந்தார். அமெரிக்காவுக்குப் போகும் வழியில் சில நாள் தங்கலாம் என்பது ஏற்பாடு என்பார்கள். தங்கியது 13 ஆண்டு!

ஏன்? போர்ச்சுக்கல் யுத்தத்தில் சேரவில்லை. குண்டு விழாது. வரித் தொல்லை குறைவு. நல்ல வெயில் அடிக்கும் ஊர். அவிஸ் என்ற சிறிய ஓட்டலில் அறைகள் எடுத்துக் கொண்டார்.

அந்த ஊர் எல்லோருக்கும் சொர்க்கம் என்று நினைத்து விடாதீர்கள். அப்போது அங்கே சலசார் என்பவரின் சர்வாதிகார ஆட்சி. எதிர்த்துப் பேசினால் ஜெயில். ஏழைகள் ஏராளம். குல்பெங்கியானுக்குக் கிடைத்த நிம்மதி, ஓட்டல் கதவுக்கு உள்ளே கிடைத்த நிம்மதி.

 மனைவி 1952-ல் பாரிசில் காலமானார். படங்களில் சில லண்டனுக்கும், பிறகு வாஷிங்டனுக்கும் இரவலாகப் போயிருந்தன. இரண்டு ஊர்க்காரர்களும், "நமக்கே தந்து விடுவார்" என்று காத்திருந்தார்கள்.

உயிலில் இருந்த ஊர்

1955 ஜூலை 20-ந் தேதி, 86-வது வயதில், லிஸ்பனில் குல்பெங்கியான் இறந்தார். உயிலைப் பிரித்தார்கள். தர்ம ஸ்தாபனம் ஒன்றை லிஸ்பனில் அமைக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். அதன் பொறுப்பாளர்களில் ஒருவராக சிரில் ராட்கிளிப்பின் பெயர் இருந்தது. 1947-ல் இந்தியா - பாகிஸ்தான் எல்லைக் கோட்டை வகுத்த அதே ராட்கிளிப்தான்!

1956-ல் ஸ்தாபனம் தொடங்கியது. இன்றும் அது கல்வி, கலை, விஞ்ஞானத்துக்குப் பணம் கொடுத்து வருகிறது. 1960-ல் பாரிஸ் மாளிகையிலிருந்து பொருள்கள் லிஸ்பன் வந்தன. 1969-ல், அழகான தோட்டத்தின் நடுவே அவற்றுக்கென்றே ஒரு காட்சிசாலை திறந்தார்கள். சுமார் 6 ஆயிரம் பொருள்கள் உள்ள சேகரிப்பு அது. அவர் உயிரோடு இருந்தபோது "குழந்தைகள்" எல்லாம் லிஸ்பனில் அவரோடு இருந்ததில்லை.

அவிஸ் ஓட்டல் இப்போது இல்லை. இடித்து விட்டார்கள். குல்பெங்கியானின் அஸ்தியும் லிஸ்பனில் இல்லை. பெற்றோர் நினைவாக லண்டனில் அவர் கட்டிய சிறிய ஆர்மீனிய மாதாகோவிலில் இருக்கிறது.