கேட்டில் ஒப்படைத்த கைப்பேசி

திருவள்ளூர் மாவட்டத்தின் கிழக்கு ஓரமாக, அத்திப்பட்டில் தொடங்கி மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டி சிப்காட் வரை நீளும் தொழிற்பகுதியில், கைப்பேசிக்கு இரண்டு விதமான வாழ்க்கை உண்டு. பெட்ரோலியச் சேமிப்பு முனையங்களின் கேட்டில் டேங்கர் ஓட்டுநரும் ஒப்பந்தத் தொழிலாளியும் அதை அணைத்துக் காவலரிடம் ஒப்படைத்து, டோக்கன் வாங்கிக்கொண்ட பிறகே உள்ளே நுழைகிறார்கள். கேட்டுக்கு வெளியே, தேசிய நெடுஞ்சாலை 16-இலும் சென்னை–கூடூர் ரயில் பாதையிலும் அதே கைப்பேசி எந்தத் தடையுமின்றி காதில், கையில், சட்டைப் பையில், தலையணைக்கு அடியில் இருக்கிறது. இந்தத் தடை எதற்காக வந்தது, அதன் நியாயம் எதுவரை செல்லும் என்று இயற்பியலைக் கொண்டு பார்த்தால், மக்கள் அஞ்சும் இடமும் உண்மையில் ஆபத்து இருக்கும் இடமும் ஒன்றல்ல என்பது தெரியவரும்.

தடையின் வேர் கைப்பேசியை விட மிகப் பழையது. 1913 அக்டோபர் 14 அன்று பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் செங்ஹெனித் என்னும் ஊரின் நிலக்கரிச் சுரங்கத்தில் நேர்ந்த வெடிப்பில் 439 தொழிலாளர்கள் இறந்தனர். சுரங்கத்தினுள் சைகை அனுப்புவதற்காக வைத்திருந்த மின்மணியின் கம்பிகளில் எழுந்த சிறு பொறி, அங்கே தேங்கியிருந்த மீத்தேனைப் பற்றவைத்திருக்கக்கூடும் என்ற ஐயம் விசாரணையில் எழுந்தது. சில வோல்ட் மின்கலத்தில் இயங்கிய, ஆள் தொட்டாலும் அதிர்ச்சி தராத அந்த மணியும் ஒரு தகவல்தொடர்புக் கருவிதான். அதன் பின் நடந்த ஆய்வுகளிலிருந்தே, எந்தப் பழுது நேர்ந்தாலும் சுற்றியுள்ள வாயுவைப் பற்றவைக்கும் அளவுக்கு ஆற்றலை வெளியிட முடியாதபடி மின்சுற்றையே கட்டுப்படுத்தி அமைக்கும் 'உள்ளார்ந்த பாதுகாப்பு' என்னும் கோட்பாடு பிறந்தது. முனையங்களுக்குள் அனுமதிக்கப்படும் தனிவகைக் கைப்பேசிகள் இக்கோட்பாட்டின்படியே செய்யப்படுகின்றன. அவை கீழே விழுந்தாலும் மின்கலம் கழன்று வராது, மின்னோட்டம் குறிப்பிட்ட அளவைத் தாண்டாது, மேற்பரப்பின் வெப்பமும் ஒரு வரம்புக்குள் நிற்கும்.

ஒரு வாயு தீப்பற்றுவதற்குத் தேவையான மிகக் குறைந்த ஆற்றலைப் 'பற்றவைப்பு ஆற்றல்' என்பர். பெட்ரோல் ஆவிக்கு அது ஏறத்தாழ 0.25 மில்லிஜூல்; ஒரு ஜூலில் நாலாயிரத்தில் ஒரு பங்கு. 5,000 மில்லி ஆம்பியர்-மணி திறனுள்ள கைப்பேசி மின்கலத்தில் அடங்கியுள்ள ஆற்றலோ சுமார் 69,000 ஜூல், அதாவது பற்றவைப்பு ஆற்றலைப் போல 27 கோடி மடங்கு. இந்த எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை, ஏனெனில் அந்த ஆற்றல் ஒரே பொறியாக வெளிவர வழியில்லை. அதோடு, காற்றில் பெட்ரோல் ஆவி 1.4 விழுக்காட்டுக்குக் குறைந்தாலும் 7.6 விழுக்காட்டுக்கு மிஞ்சினாலும் தீப்பற்றாது. இந்தக் குறுகிய இடைவெளிக்குள் கலவை அமைந்து, அதே இடத்தில், அதே கணத்தில் பொறியும் எழுந்தால்தான் விபத்து.

கைப்பேசியின் அலைகளே தீயை மூட்டும் என்ற பரவலான நம்பிக்கைக்குச் சான்று இல்லை. வெடிவாயு சூழலுக்கான பன்னாட்டுத் தர விதிகள், பெட்ரோல் ஆவி அடங்கிய பிரிவுக்கு 6 வாட் வரையிலான ரேடியோ ஆற்றலைப் பொறுக்கத்தக்கதாகக் கொள்கின்றன; 4ஜி கைப்பேசி உச்ச நிலையிலும் சுமார் 0.2 வாட்டையே வெளியிடுகிறது. அமெரிக்காவில் பெட்ரோல் நிலையத் தீ விபத்துகளைத் தொகுத்த பெட்ரோலியக் கருவியியல் நிறுவனத்தால், நூற்றுக்கும் மேற்பட்ட நிகழ்வுகளை ஆராய்ந்தும் கைப்பேசியால் மூண்டது என்று ஒன்றைக்கூட உறுதிசெய்ய முடியவில்லை. பெரும்பாலானவற்றில் குற்றவாளி நிலைமின்சாரம். பெட்ரோல் நிரம்பிக்கொண்டிருக்கும்போது காருக்குள் ஏறி அமர்ந்து, மீண்டும் இறங்கியவரின் உடலில் இருக்கையோடு உரசியதால் மின்னூட்டம் சேர்ந்து, குழாய் முனையைத் தொட்டதும் அது பொறியாகப் பாய்ந்திருக்கிறது. மனித உடல் ஏறத்தாழ 150 பிக்கோஃபாரட் அளவுக்கு மின்னூட்டத்தைச் சேமிக்கும் என்று கொண்டால், 5,000 வோல்ட் ஏறிய உடலிலிருந்து கிளம்பும் பொறியில் 1.9 மில்லிஜூல் இருக்கும். பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்க அதில் ஏழில் ஒரு பங்கே போதும். பழவேற்காட்டுக் கடற்காற்றின் ஈரம் ஆண்டின் பெரும்பகுதியில் இந்த மின்னூட்டத்தைத் தானே கசியவிட்டுவிடுகிறது என்பது இப்பகுதிக்கு வாய்த்த ஓர் அனுகூலம்.

இந்த அறிவியலுக்கும் அன்றாட நடைமுறைக்கும் உள்ள முரணைக் காண நெடுஞ்சாலையோரத்து எந்தப் பெட்ரோல் பங்கிலும் ஐந்து நிமிடம் நின்றால் போதும். கைப்பேசியின் மேல் சிவப்புக் கோடு போட்ட பலகை தூணில் தொங்க, பணம் செலுத்துவதற்கான கியூஆர் கோடு அட்டை பம்பிலேயே ஒட்டப்பட்டிருக்கிறது. விதியைக் கடைப்பிடித்தால் பணம் கட்ட முடியாது, பணம் கட்டினால் விதி மீறப்படும். தீர்வு கருவியில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. அபாயகரமான இடங்களை வகைப்படுத்தும் இந்தியத் தரம் ஐஎஸ் 5572, எரியக்கூடிய ஆவி எப்போதும் இருக்கும் இடத்தை மண்டலம் 0 என்றும், வழக்கமான இயக்கத்தின்போதே தோன்றக்கூடிய இடத்தை மண்டலம் 1 என்றும், அரிதாகவும் சிறிது நேரமும் மட்டுமே தோன்றும் இடத்தை மண்டலம் 2 என்றும் பிரிக்கிறது. பங்கில் குழாய் முனையையும் திறந்த டேங்கையும் சுற்றியுள்ள சிறு பரப்பே கவலைக்குரியது. பெட்ரோல் ஆவி காற்றைப் போல மூன்று நான்கு மடங்கு கனமானதாதலால் மேலெழாமல் தரையோடு தவழ்ந்து, பள்ளங்களில் தங்கும். ஆகவே டேங்க் மூடியை முறுக்கி, வண்டியைச் சில மீட்டர் தள்ளி நிறுத்திவிட்டுக் கைப்பேசியை எடுப்பதே இயற்பியலுக்கு இசைந்த நடைமுறை. இருசக்கர வாகனத்தின் மேல் அமர்ந்தபடியே டேங்கைத் திறந்து வைத்து, அதன் மேல் குனிந்து ஸ்கேன் செய்வது இதற்கு நேர்மாறானது.

அப்படியானால் முனையத்தின் கேட்டில் கைப்பேசியைப் பறிப்பது வீண் கெடுபிடியா என்றால், இல்லை. 2009 அக்டோபர் 29 அன்று ஜெய்ப்பூர் எண்ணெய்க் கிடங்கில் கசிந்த பெட்ரோல், ஆவிமேகமாகப் பரவி வெடித்ததில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். தீ பல நாள் எரிந்தது. அத்தகைய மேகம் உருவானால் மண்டலக் கோடுகளுக்கு மதிப்பில்லை. வளாகத்தில் உள்ள சான்றிதழ் பெறாத எந்த மின்கருவியும் பொறியின் பிறப்பிடமாகலாம். நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு அபாய மண்டலக் கருவிகளுக்கு ஒப்புதல் அளிப்பதில் கண்டிப்புக் காட்டுவது இதனால்தான். சாதாரணக் கைப்பேசி தீ மூட்டும் என்பதன்று தடையின் பொருள். மூட்டாது என்று எவரும் எழுதிக் கையொப்பமிட்டுத் தரவில்லை என்பதே.

கும்மிடிப்பூண்டியின் உருக்காலைகளில் கதை வேறு. பழைய இரும்பை மின்தூண்டல் உலையில் 1,600 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சும் இடத்தில் பொறிக்குப் பஞ்சமில்லை. அங்கே கவலை கைப்பேசியின் மின்கலத்தைப் பற்றியது. லித்தியம்-அயனி மின்கலத்தில் நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் நடுவே மயிரிழையை விட மெல்லிய ஞெகிழிச் சவ்வு ஒன்றும், எளிதில் தீப்பற்றும் கரிமக் கரைசலும் உள்ளன. வெப்பம் 80, 90 டிகிரியைக் கடக்கும்போது எதிர்முனையின் மேலுள்ள காப்புப் படலம் சிதையத் தொடங்கித் தானும் வெப்பத்தை உமிழும். 130 டிகிரியை நெருங்கும்போது சவ்வு உருகி இரு முனைகளும் ஒட்டிக்கொள்ளும். மேலும் சூடேறினால் நேர்முனைப் பொருளிலிருந்தே ஆக்சிஜன் பிரியும். வெப்பம் வினையைத் தூண்ட, வினை மேலும் வெப்பத்தைக் கிளப்பும் இந்தச் சுழலை 'வெப்ப ஓட்டம்' என்பர். வெளிக்காற்று இல்லாமலே எரியக்கூடியதாதலால் அதை மூடி அணைக்க முடியாது. நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கத்தான் வேண்டும். 2016-இல் சாம்சங் தன் கேலக்ஸி நோட் 7 கைப்பேசிகளைத் திரும்பப் பெற நேர்ந்ததற்கும், மின்கலத்தின் மூலையில் மின்முனைத் தகடு வளைந்திருந்தது போன்ற நுண்ணிய உற்பத்திக் குறைகளே காரணம்.

உலையின் கதிர்வெப்பம் நேர்கோட்டில் வந்து தாக்குவதால், கசடு வழிக்கக் குனியும் தொழிலாளியின் மேல்சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசி அவரது முகத்தைப் போலவே சுடுகிறது. அது நழுவி உருக்குக் குழம்பில் விழுந்தால் ஆபத்து அவரோடு நிற்காது. உலையில் போடும் பழைய இரும்பில் மூடிய கலன்களும் ஈரமும் இருக்கக் கூடாது என்பது உருக்காலையின் முதல் பாடம். நீர் ஆவியாகும்போது சுமார் 1,600 மடங்கு விரிவதால் குழம்பை மேலே வாரி அடிக்கும். உறையிட்ட மின்கலமும் அத்தகைய மூடிய கலன்தான். கைப்பேசியை உடைமாற்றும் அறையிலேயே விட்டுவர இந்த ஒரு காரணமே போதும்.

ஷிப்ட் முடிந்து திரும்பும் வாடகை அறைகளிலோ மின்கலத்துக்கு வேறு சோதனை. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் ஐவர் அறுவராகத் தங்கும் அறையில், ஒருவர் எழுந்து போக மற்றொருவர் வந்து படுப்பதால் பாய் ஆறுவதே இல்லை. அந்தப் பாய்க்கும் தலையணைக்கும் நடுவே சார்ஜாகும் கைப்பேசிக்கும் வெப்பத்தைக் கழிக்க இடம் கிடைப்பதில்லை. 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றுவது லித்தியம் மின்கலத்துக்கு ஆகாது; தகரக் கூரையின் கீழ் மே மாதத்தில் அறையே 40 டிகிரியைத் தொடும். முதுகு மூடி எழும்பி, மின்கலம் உப்பத் தொடங்கிய கைப்பேசியை அமுக்கியோ குத்தியோ பார்க்காமல் சார்ஜ் போடுவதை உடனே நிறுத்திவிட வேண்டும். ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஆறு சார்ஜர் தொங்குவதைக் கண்டு அதுதான் ஆபத்து என்று கருதுவது பிழை. ஆறும் சேர்ந்து இழுப்பது பெரும்பாலும் ஓர் ஆம்பியருக்குள் அடங்கும். அதே பாக்ஸில் செருகிய 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு தனியாக 8.7 ஆம்பியரை இழுத்து ஒயரை உருக்கக்கூடும். சார்ஜரில் பார்க்க வேண்டியது தரம். 230 வோல்ட் பக்கத்தையும் 5 வோல்ட் பக்கத்தையும் பிரிப்பது உள்ளே இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளியே. மலிவான போலிகளில் மிச்சம் பிடிக்கப்படுவதும் அந்த இடைவெளிதான்.

கதிர்வீச்சைப் பற்றி அதிகம் பேசப்படுகிறது. அந்த அளவுக்கு அதில் விஷயமில்லை. கைப்பேசி அலைகள் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்க்கும் ஆற்றல் இல்லாதவை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் அவற்றை 'ஒருவேளை புற்றுநோய்க்குக் காரணமாகலாம்' என்ற பிரிவில் வைத்தது. அதன் பின் 2024-இல் அவ்வமைப்புக்காகச் செய்யப்பட்ட விரிவான மறுஆய்வு மூளைப் புற்றுநோயோடு தொடர்பு காணவில்லை. இந்தியாவில் உடல் திசு ஏற்கும் ஆற்றலுக்கு 2012 செப்டம்பர் முதல் கிலோவுக்கு 1.6 வாட் என்ற வரம்பு நடைமுறையில் உள்ளது. இரும்புத் தகடு வேய்ந்த ஷெட்டுக்குள் சிக்னல் மங்குவதால் கைப்பேசி தன் ஆற்றலைக் கூட்டி அலைகளை அனுப்பும் என்பது உண்மை. வெளியே வந்து பேசினால் அது குறையும், பேச்சும் தெளிவாகக் கேட்கும்.

பேரிழப்பு நேர்வது அலையாலோ மின்கலத்தாலோ அன்று, கவனம் சிதறுவதால். கும்மிடிப்பூண்டி வரை ஓடும் மின்சார ரயிலும், அதே பாதையில் வடக்கே விரையும் விரைவு ரயில்களும் இதற்குச் சோதனைக்களம். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் நொடிக்கு 30 மீட்டரைக் கடக்கும். ஒரு பாதையைக் குறுக்கே கடக்க ஒருவருக்கு நான்கு நொடியாவது தேவை என்றால், அவர் கால் வைக்கும் கணத்தில் ரயில் 120 மீட்டருக்கு அப்பால் இருந்தாக வேண்டும். எதிரே வரும் ரயிலின் ஓசை முன்பக்கத்தில் குறைவாகவே கேட்கும். பெருத்த பொருள் மெதுவாக வருவதாகக் கண்ணும் ஏமாறும் என்று ஹெர்ஷல் லைபோவிட்ஸ் என்னும் உளவியலாளர் 1985-இல் விளக்கினார். காதில் இயர்போன் செருகியவருக்கு அந்தக் குறைந்த ஓசையும் கேட்காமல் போகிறது. ரயில்வே சட்டம் 1989-இன் 147-ஆம் பிரிவு பாதையில் அத்துமீறி நுழைவோருக்கு ஆறு மாதம் வரை சிறையோ ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. ஷிப்ட் பிடிக்க ஓடுபவர் அதை நினைப்பதில்லை.

நின்றிருக்கும் டேங்கர் வேகனின் மேல் ஏறி செல்ஃபி எடுக்க முயலும் இளைஞர்களின் சாவுச் செய்தி நாட்டின் ஏதோ ஒரு மூலையிலிருந்து அவ்வப்போது வந்துகொண்டிருக்கிறது. பாதைக்கு மேலே சுமார் 5.5 மீட்டர் உயரத்தில் செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்சாரம் பாய்கிறது. வேகனின் உச்சியோ நான்கு மீட்டருக்கு மேல். அதன் மேல் ஒருவர் நிமிர்ந்து நின்றாலே தலை கம்பிக்கு எட்டிவிடும். தொட வேண்டும் என்பதுகூட இல்லை, நெருங்கினாலே காற்றைப் பிளந்துகொண்டு மின்சாரம் உடலில் இறங்கும்.

சாலையிலும் கணக்கு இதேதான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்து நொடி திரையைப் பார்ப்பவர் 83 மீட்டரைக் குருடராகக் கடக்கிறார். கையில் பிடிக்காமல் ஹெட்செட்டில் பேசினால் தீங்கில்லை என்ற எண்ணத்தை அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் செய்த ஆய்வுகள் கலைத்துவிட்டன. பேச்சில் ஆழ்ந்த ஓட்டுநரின் பார்வை ஒரு பொருளின் மேல் நேராகப் படிந்தும் மனம் அதைப் பதிந்துகொள்ளவில்லை என்று அவர் காட்டினார். தமிழ்நாட்டில் வண்டி ஓட்டும்போது கைப்பேசியில் பேசுவதற்கான முதல் அபராதம் ஆயிரம் ரூபாய், அதுவும் கையில் பிடித்துப் பேசினால்தான்.

அத்திப்பட்டில் லோடு ஏற்றிக்கொண்டு வெளிவரும் டேங்கர் ஓட்டுநரிடம், கேட்டில் டோக்கனை வாங்கிக்கொண்டு கைப்பேசியைத் திருப்பித் தருகிறார்கள். உள்ளே வரிசையில் நின்ற சில மணி நேரத்தில் வந்து தவறிய அழைப்புகள் அனைத்தும் அதை இயக்கியதும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் விழுகின்றன: லாரி உரிமையாளர், எரிபொருளுக்குக் காத்திருக்கும் பங்க், வீடு. 20,000 லிட்டர் பெட்ரோலுடன் வண்டி நெடுஞ்சாலைக்குத் திரும்பும்போது அவர் முதல் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறார்.