முள்ளும் மலருமா, உதிரிப்பூக்களா? ஸ்ரீராமபுரம் டீக்கடையில் தீராத வழக்கு

பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் ரயில் பாதையை ஒட்டி ஒரு டீக்கடை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மேல் போனால் பெஞ்சில் இடம் கிடைக்காது. அங்கே பல ஆண்டுகளாக ஒரு வழக்கு நடந்து வருகிறது. வாதி உண்டு, பிரதிவாதி உண்டு, சாட்சிகளுக்கும் குறைவில்லை. தீர்ப்புச் சொல்லத்தான் ஆள் இல்லை. டைரக்டர் மகேந்திரன் எடுத்த படங்களில் எது சிறந்தது என்பதே வழக்கு.

மகேந்திரன் 2019 ஏப்ரல் 2ந் தேதி காலமானார். 1978 முதல் 2006 வரை அவர் டைரக்ட் செய்த படங்கள் 12தான். பன்னிரண்டு படங்களுக்காக இத்தனை ஆண்டுச் சண்டையா என்று வாசகர்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். நைட் டூட்டி முடித்து டீ குடிக்கப் போன இடத்தில் கேட்டதுதான் தவறு. அன்று முதல் என்னையும் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டார்கள்.

முதல் கட்சிக்குத் தலைவர் ஒரு பெரியவர். வடாற்காட்டிலிருந்து சிறு வயதில் வந்து, பின்னி மில்லில் வேலை பார்த்தவர். அவருக்கு 'முள்ளும் மலரும்' தவிர வேறு படமே கிடையாது. எதிர்க்கட்சிக்குத் தலைவர் ஐ.டி.ஐ. டெலிபோன் தொழிற்சாலையில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை எல்லாரும் 'சார்' என்பார்கள். அவருடைய படம் 'உதிரிப்பூக்கள்'.

தொழிலாளி ஓட்டும் குமாஸ்தா ஓட்டும்

'முள்ளும் மலரும்' 1978 ஆகஸ்ட் 15ல் வெளிவந்தது. உமாசந்திரன் எழுதி, கல்கியில் பரிசு பெற்ற நாவல் அதன் மூலம். அண்ணன் காளியாக ரஜினிகாந்த், தங்கை வள்ளியாக ஷோபா, என்ஜினீயராக சரத்பாபு. காளி ஒரு மின் நிலையத்தில் விஞ்ச் ஓட்டுகிறவன். ஊர்க்காரர்களை இலவசமாக அதில் ஏற்றிக்கொண்டு போவான். புதிதாக வந்த என்ஜினீயர் அது கூடாது என்கிறார். அங்கே தொடங்குகிறது மோதல். பிறகு காளி சஸ்பெண்ட் ஆகிறான். குடித்துவிட்டு ரோட்டில் கிடந்து, லாரி ஏறி ஒரு கையை இழக்கிறான். அந்த என்ஜினீயரைத்தான் தங்கை விரும்புகிறாள்.

"என்ஜினீயர் செஞ்சதுல என்ன தப்பு? ரூல்படி நடந்தான். அவ்வளவுதானே?" என்பார் சார்.

"ஆமா சார், உங்க ஆளுங்க எல்லாரும் ரூல்படிதான் நடப்பீங்க. மில்லுல எங்க கையில சஸ்பென்ஷன் ஆர்டர் குடுத்தவனும் ரூல்படிதான் குடுத்தான்" என்பார் பெரியவர்.

கடை முழுவதும் சிரிப்பு எழும். நான் மட்டும் சிரிக்க மாட்டேன். டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு எத்தனை முறை "ரூல் இல்லீங்க" என்று சொல்கிறேன் என்பது எனக்குத்தானே தெரியும்? கண்ணாடிக்கு வெளியே நிற்கிறவனுக்கு நான்தான் அந்த என்ஜினீயர்.

சாரிடம் இன்னொரு அம்பும் இருக்கிறது. ரஜினி நம்ம ஊர்க்காரர், இதே பெங்களூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், அந்தப் பாசத்தில்தான் இந்தப் பக்கம் ஓட்டு விழுகிறது, படத்துக்காக விழவில்லை என்பார். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் அன்றைக்கு ரஜினியைக் கதாநாயகனாகப் போடவே தயாரிப்பாளர் வேணு செட்டியார் தயங்கினார். வில்லன் வேடம் போடுகிறவர், கறுப்பாக இருக்கிறார் என்பது அவர் கவலை. ரஜினி இல்லை என்றால் படமே இல்லை என்று பிடிவாதமாக நின்றவர் மகேந்திரன். கேமராமேனாக பாலு மகேந்திராவை அறிமுகப்படுத்தி வைத்தவர் கமல்ஹாசன். கடைசியில் ஒரு காட்சிக்குப் பணம் இல்லாமல் நின்றபோது செலவை ஏற்றவரும் அவர்தான் என்று மகேந்திரனே சொல்லியிருக்கிறார்.

படத்தைப் போட்டுப் பார்த்த தயாரிப்பாளர் வசனமே இல்லையே என்று நொந்து போனாராம். அவர் நொந்ததில் நியாயம் உண்டு. சிவாஜியின் 'தங்கப்பதக்கம்' படத்துக்கு வசனம் எழுதிக் கைத்தட்டல் வாங்கியவரை நம்பிப் பணம் போட்டிருக்கிறார். அந்த ஆள் பேனாவை மூடி வைத்துவிட்டு, ஷோபாவின் கண்ணை எடுத்துக் காட்டினால் என்ன செய்வார் பாவம்? முதலில் கூட்டம் இல்லை. சில வாரம் கழித்து, பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லித்தான் படம் ஓடியது. பாலசந்தரே ஒரு மேடையில் ரஜினியிடம், பிடித்த டைரக்டர் யார் என்று கேட்டார். மகேந்திரன் என்றார் சிஷ்யர். பெரியவர் இதைச் சொல்லும்போது ஏதோ தானே மேடையில் இருந்ததுபோல் சொல்வார்.

"இன்னொரு தடவை பார்க்க மாட்டேன்"

'உதிரிப்பூக்கள்' 1979 அக்டோபரில் வந்தது. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து ஒரு இழையை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதைத் தானே நெய்தார் மகேந்திரன். விஜயன் ஊரில் பெரிய மனிதர், பள்ளிக்கூடத்தை நடத்துகிறவர். நோயாளி மனைவியாக அஸ்வினி, இரண்டு சின்னக் குழந்தைகள். அவருக்கு மனைவியின் தங்கை மீது கண். வில்லன் என்றால் கன்னத்தில் மருவும் கர்ஜனையும் என்று பார்த்துப் பழகிய காலம் அது. இவர் சத்தம் போட மாட்டார். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, மெதுவாகப் பேசியே வீட்டைக் கொல்வார்.

முடிவில் ஊரே திரண்டு அவரை ஆற்றில் இறங்கச் சொல்கிறது. நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப் போலவே ஆக்கிவிட்டேன், நான் செய்த பாவங்களில் இதுதான் பெரிது என்ற பொருளில் சொல்லிவிட்டு அவர் தண்ணீரில் இறங்குகிறார். குழந்தைகள் இரண்டும் ஆற்றங்கரையோரம் நடந்து போகின்றன. அவ்வளவுதான் படம்.

"இதுல யார் ஜெயிச்சாங்க சொல்லுங்க? வில்லன் செத்தா ஜனங்க கை தட்டணும். இங்க தட்ட முடியலையே! அந்த இடத்துக்கு எந்தத் தமிழ்ப் படம் போயிருக்கு?" என்று சார் கேட்கும்போது பெரியவரிடம் பதில் இருக்காது. டீயை ஆற்றிக் கொண்டிருப்பார்.

ஒரு நாள் கடைக்கார அக்காவைச் சாட்சிக்கு இழுத்தார்கள். அவர் வடை தட்டிக் கொண்டே சொன்னார்: "நல்ல படம்தான். இன்னொரு தடவை பார்க்க மாட்டேன். எங்க தெருவிலேயே அந்த ஆளு ரெண்டு பேர் இருக்கான். டிக்கெட் வாங்கி வேற பார்க்கணுமா?" நான் கேட்ட விமர்சனங்களில் இதற்கு இணை கிடையாது. சார் அதைத் தன் கட்சி ஓட்டாக எழுதிக்கொண்டார். பெரியவர் தன் கட்சிக்கு எழுதிக்கொண்டார்.

கப்பன் பூங்காவும் மற்ற ஓட்டுகளும்

மூன்றாவது கட்சியும் உண்டு. ஆட்டோ ஓட்டும் இளைஞர் ஒருவர் 'ஜானி' என்பார். 1980ல் வந்த படத்தை அவர் செல்போனில் பார்த்தவர். 'தெறி' படத்தில் விஜய்க்கு வில்லனாக வந்த தாத்தாதான் இந்த டைரக்டர் என்று தெரிந்ததும் அரை மணி நேரம் நம்பவில்லை. ரஜினி இரண்டு வேடம், ஸ்ரீதேவி பாடகி. அந்த ஸ்ரீதேவி தன் மனதைச் சொல்லும் காட்சி ஒன்றுக்காகவே படத்தை வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி. நானும் ஆமோதிக்கிறேன்.

அதே 1980ல் வந்த 'நெஞ்சத்தைக் கிள்ளாதே'யைச் சொல்ல ஒருவராவது இருப்பார். மோகனும் சுஹாசினியும் விடியற்காலையில் ஓடிக்கொண்டே இருக்கும் பாட்டு நம் கப்பன் பூங்காவில் எடுத்தது. காலடி ஓசையே அந்தப் பாட்டுக்குத் தாளம். சுஹாசினிக்கு அதுதான் முதல் படம். சிறந்த தமிழ்ப் படம், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு என மூன்று தேசிய விருதுகளைக் கொண்டு வந்த படமும் அது. ஒளிப்பதிவு விருது அசோக்குமாருக்கு. நம்மூர்ப் பனியை அவர் எடுத்த மாதிரி இன்னும் யாரும் எடுக்கவில்லை. இப்போது அந்தப் பனியும் இல்லை, அது வேறு விஷயம்.

1991ல் காவிரிக் கலவரம் வந்தபோதும், 2016ல் மறுபடி பதற்றம் வந்தபோதும் ஊரில் தமிழ்ப் படக் காட்சிகள் நின்றன. டீக்கடை வழக்கு நிற்கவில்லையாம். ஆனால் அந்த நாட்களில் குரலைத் தாழ்த்தி வாதாடினார்கள் என்று அக்கா சொன்னார்.

பெரியவர் சொன்ன கதை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சார் வரவில்லை. மழை தூறிக் கொண்டிருந்தது. பெரியவரும் நானும் மட்டும் பெஞ்சில் இருந்தோம். எதிராளி இல்லாத தைரியத்தில் கேட்டுவிட்டேன்: "ஐயா, நெஜமா சொல்லுங்க. உதிரிப்பூக்கள் பெரிய படம்தானே?"

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு அழைப்பிதழை எடுத்துக் கொடுத்தார். கன்னடத்தில் அச்சடித்த கிருஹப்பிரவேசப் பத்திரிகை. தீர்த்தஹள்ளி விலாசம். மேலே மூலையில் பேனாவால், நடுங்கிய தமிழ் எழுத்தில் 'அண்ணனுக்கு' என்று இருந்தது.

அப்பா அம்மா போன பிறகு தங்கையை வளர்த்தவர் அவர்தான். 1978ல் அவளைக் கூட்டிக்கொண்டு போய்த்தான் 'முள்ளும் மலரும்' பார்த்தார். படம் முடிந்து வெளியே வந்ததும், "நீயும் காளிதான் அண்ணா" என்றாளாம் அந்தப் பெண். இவருக்குப் பெருமை தாங்கவில்லை. நான்கு வருஷம் கழித்து அவள் ஒரு கன்னடக்கார வாத்தியாரை விரும்பினாள். இவர் வேறு இடம் பார்த்து வைத்திருந்தார். ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் நடந்தது. இவர் போகவில்லை. அவள் போட்ட கடிதங்களைப் பிரித்தார், பதில் போடவில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

"காளி கடைசியில விட்டுக் குடுத்தான் தம்பி. தங்கச்சி கையைப் புடிச்சு அந்த என்ஜினீயர்கிட்ட அனுப்பி வெச்சான். இப்பவும் ஒன்னை எனக்குப் புடிக்கலேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுத்தான் அனுப்பினான். அது பொய் இல்லாத முடிவு. எனக்கும் அந்த வாத்தியாரைப் புடிக்கலை. ஆனா நான் அனுப்பி வெக்கலை. காளிக்கு ஒரு கை போச்சு. எனக்கு ரெண்டு கையும் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

படப்பிடிப்பின் பெரும்பகுதி சிருங்கேரிப் பக்கம் நடந்தது என்பதைப் பிற்பாடுதான் யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். சிருங்கேரிக்கும் தீர்த்தஹள்ளிக்கும் ஒரே துங்கை ஆறு. அதன் பிறகு டி.வி.யில் எப்போது படம் போட்டாலும், கதையை விட்டுவிட்டுப் பின்னால் தெரியும் மலையையும் மரத்தையும்தான் பார்ப்பாராம். இந்தப் பக்கம்தானே அவள் இருக்கிறாள் என்று.

அழைப்பிதழைக் கொண்டு வந்தவன் தங்கை மகன். வாசலில் நின்று கன்னடத்தில் 'மாவா' என்று கூப்பிட்டிருக்கிறான். வாத்தியார் இருக்கிறாரா என்று இவர் கேட்டாராம். இருக்கிறார், அவர்தான் அனுப்பினார் என்றானாம்.

என் கட்சியையும் சொல்லிவிடுகிறேன். கலை என்று பார்த்தால் 'உதிரிப்பூக்கள்'தான் உயரத்தில் நிற்கிறது. முதல் படத்தில் மகேந்திரனுக்கு இன்னொருவர் நாவல் இருந்தது, ரஜினி இருந்தார், ஷோபா இருந்தார், பாலு மகேந்திராவின் கேமரா இருந்தது. இரண்டாவதில் பெரிய நட்சத்திரம் யாரும் இல்லாமல், ஒரு கிராமத்தையும் இரண்டு குழந்தைகளையும் வைத்துக்கொண்டு சாதித்தார். இதைச் சார் வந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். அன்று பெரியவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

டீக்காசு கொடுத்துவிட்டு எழுந்தவர், "தம்பி, சிவமொக்கா வண்டிக்கு ரெண்டு டிக்கெட் போடணும். வயசானவங்க சலுகை இருக்கில்ல?" என்று கேட்டார்.

ஆண்களுக்கு 40 சதவீதம் இருந்தது, 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள் என்றேன்.

"பார்த்தியா, ரூல் பேசறே" என்று சிரித்தார். அழைப்பிதழை மழை படாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். இரண்டடி போய்த் திரும்பினார். "பேப்பர்ல எழுதப் போறியா? சார் கட்சிதான் பெரிய படம்னு வேணா எழுதிக்க. என் ஓட்டை மாத்திடாதே."