இருபது கியர், இரண்டு கம்பி, ஒரே டிரைவர்! பழைய லாரிகளின் அதிசயங்கள் தெரியுமா?

ஐம்பது வயதான லாரி ஒன்று துருப்பிடித்து நிற்கிறது. எடைக்குப் போடத்தான் லாயக்கு என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்! அதற்குள் கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. நட்டு, போல்ட்டு, பல்சக்கரம், ரப்பர், எண்ணெய்! அவ்வளவுதான்! கையால் கழற்ற முடியாத பாகம் ஒன்றுகூட இல்லை. கழற்ற முடிந்ததை மாட்டவும் முடியும் அல்லவா? அந்த ஒரே நம்பிக்கையில்தான் உலகெங்கும் ஆயிரக்கணக்கான பழைய லாரிகள் மறுபடி உயிர் பெறுகின்றன! வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

முதல் லாரிக்கு எத்தனை குதிரைசக்தி?

நாலே நாலு! ஆமாம், 1896-இல் ஜெர்மனியின் காட்லீப் டைம்லர் செய்த உலகின் முதல் மோட்டார் லாரிக்கு 4 குதிரைசக்திதான். இன்றைய மொபெட்டுக்கே அவ்வளவு சக்தி இருக்கிறது! ஆனால் அது சுமந்த பாரம் எவ்வளவு தெரியுமா? 1,500 கிலோ! சக்கரங்களில் ரப்பரே இல்லை, இரும்புப் பட்டைதான். அந்த அதிர்வில் எஞ்சின் நொறுங்காமல் இருக்க, அதைச் சுருள்வில்லின் மேல் உட்கார வைத்தார்கள்! வாங்கியது யார்? லண்டன் கம்பெனி ஒன்று!

புல்வெட்டியில் பிறந்த லேலண்ட்!

அதே 1896-இல் இங்கிலாந்தின் லேலண்ட் என்ற சிற்றூரில் இன்னொரு கம்பெனி முளைத்தது. அதன் முதல் வண்டியும் ஒன்றரை டன் பாரம் இழுத்தது. எதனால் ஓடியது? நீராவியால்! அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் சம்னர் அதற்கு முன் எதில் நீராவி எஞ்சினைப் பொருத்தினார் தெரியுமா? புல்வெட்டும் இயந்திரத்தில்! அந்தக் கம்பெனிதான் 1907-இல் லேலண்ட் மோட்டார்ஸ் ஆனது. நம் எண்ணூரில் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறியதே, அந்த லேலண்ட் இதுதான்! நம் நெடுஞ்சாலை லாரியின் நெற்றியில் இருப்பது இங்கிலாந்துச் சிற்றூர் ஒன்றின் பெயர்!

ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிறந்த நாய்!

அமெரிக்காவின் மேக் லாரிகளின் மூக்கில் ஒரு புல்டாக் சிலை நிற்கும், பார்த்திருக்கிறீர்களா? 1932-இல் அதைச் செதுக்கியவர் சிற்பி அல்ல! அந்தக் கம்பெனியின் தலைமை எஞ்சினியர் ஆல்ஃபிரட் மசூரி. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது பொழுது போகாமல் செதுக்கினார்! 'புல்டாக்' என்ற பட்டப்பெயர் அதற்கு முன்பே வந்துவிட்டது. முதல் உலகப்போரில் சேற்றைப் பிளந்துகொண்டு போன மேக் ஏ.சி. லாரிகளைப் பார்த்து பிரிட்டிஷ் சிப்பாய்கள் வைத்த பெயர் அது! செயின் இழுக்கும் பின்சக்கரம், கெட்டி ரப்பர் டயர் என்று 1916 முதல் 1939 வரை சுமார் 40,000 லாரிகள் வெளிவந்தன!

வால்வு இல்லாத எஞ்சின் கேள்விப்பட்டதுண்டா?

1954-இல் வந்த இங்கிலாந்தின் காமர் டி.எஸ்.3 எஞ்சினுக்கு 3 சிலிண்டர். பிஸ்டன் எத்தனை? மூன்றா? இல்லை, ஆறு! ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிரே ஓடிவந்து நடுவில் நெருங்கும். அதனால் சிலிண்டர் ஹெட்டே கிடையாது! வால்வும் கிடையாது! ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்ற புலம்பலுக்கே இடமில்லை! 3.26 லிட்டர்தான், ஆனால் 105 குதிரைசக்தி! அது எழுப்பும் தடதடப்பைக் கேட்டாலே பழைய லாரிப் பிரியர்களுக்கு அடையாளம் தெரிந்துவிடும்!

ஒரே பிஸ்டன், 24 சிலிண்டர் வரை!

அமெரிக்காவின் 'டெட்ராய்ட் 71' டீசல் எஞ்சின் 1938-இல் வந்தது. 71 என்பது என்ன? ஒரு சிலிண்டரின் கொள்ளளவு, 71 கன அங்குலம்! ஒரு சிலிண்டர் எஞ்சினும் உண்டு, 24 சிலிண்டர் எஞ்சினும் உண்டு. சிலிண்டருக்குள் போகும் முக்கியப் பாகங்கள் எல்லாவற்றுக்கும் பொது! லாரி, பஸ், ஷெர்மன் டாங்கி, நார்மண்டிக் கரைக்குச் சிப்பாய்களைக் கொண்டு சேர்த்த படகு என எல்லாவற்றிலும் இந்தக் குடும்பம்தான் உழைத்தது! இன்றைக்கும் பழைய வண்டிக்காரர்களுக்கு உதிரிபாகம் கிடைக்கிறது என்றால் ஆச்சரியமா?

சாவியைத் திருப்பியும் நிற்காத எஞ்சின்!

பல ஆண்டுகள் தூங்கிய டீசல் எஞ்சினை எழுப்பும்போது ஒரு திகில் உண்டு. எண்ணெய் கசிந்து காற்றோடு உள்ளே போனால் அதையே எரித்துக்கொண்டு எஞ்சின் தறிகெட்டு ஓடும்! டீசலை நிறுத்தினாலும் அடங்காது! அடக்க நம்பகமான வழி என்ன தெரியுமா? அதன் மூச்சை அடைப்பது! காற்று போகும் வாயை மூடினால் நின்றுவிடும். டெட்ராய்ட் எஞ்சின்கள் பலவற்றில் இதற்கென்றே ஒரு மூடி வைத்திருந்தார்கள். அனுபவசாலிகள் முதல் ஸ்டார்ட்டின்போது கையில் பலகையோடு நிற்பது அதனால்தான்!

எதை ஊற்றினாலும் குடிக்கும் லாரி!

அமெரிக்க ராணுவத்தின் எம்-35 லாரி 1950-இல் வந்தது. பின்னர் அதில் வைத்த எஞ்சினுக்குத் தீனி என்ன? டீசல், மண்ணெண்ணெய், விமான எரிபொருள், எதுவும் சம்மதம்! அவசரத்துக்குப் பெட்ரோலில் கொஞ்சம் எண்ணெய் கலந்து ஊற்றினாலும் ஓடும்! ஓய்வுபெற்ற இந்த ராணுவக் கிழவர்களை ஏலத்தில் எடுத்துப் புதுப்பிக்கத் தனிக்கூட்டமே இருக்கிறது!

கை இரண்டு, கியர் இருபது!

உங்கள் காரில் எத்தனை கியர்? ஐந்தா, ஆறா? மேக் லாரியின் 'குவாட்ருபிளெக்ஸ்' பெட்டியில் 20! அதை மாற்ற ஒரு கம்பி போதாது, இரண்டு கம்பி! சில சமயம் இரண்டையும் ஒரே நொடியில் நகர்த்த வேண்டும். அப்போது ஸ்டீயரிங்கைப் பிடித்தது யார்? முழங்கை! டிரைவர் இடது கையை ஸ்டீயரிங் வளையத்துக்குள் நுழைத்து ஒரு கம்பியையும், வலது கையால் இன்னொரு கம்பியையும் தள்ளுவார். மலைப்பாதையில்! முழுப் பாரத்தோடு!

காதால் மாற்றும் கியர்!

கியர் உறுமாமல் விழ உதவும் 'சின்க்ரோமெஷ்' 1928-இல் கெடிலாக் காரில் முதன்முதலாக வந்தது. ஆனால் கனரக லாரிகள் பல அதற்குப் பிறகும் அது இல்லாமலே ஓடின! அப்படியானால் எப்படி மாற்றுவார்கள்? கிளட்ச்சை மிதி, நியூட்ரலுக்கு வா, கிளட்ச்சை விடு, ஆக்சிலேட்டரைத் தட்டு, மறுபடி கிளட்ச், பிறகு கீழ் கியர்! இதுதான் டபுள் கிளட்ச். எஞ்சின் சத்தமும் வண்டியின் வேகமும் ஒத்துப்போகும் கணத்தைக் காதுதான் சொல்லும். தேர்ந்த டிரைவர் கிளட்ச்சைத் தொடாமலே மாற்றிவிடுவார்!

90 பெரிதா, 50 பெரிதா?

கியர் பெட்டிக்கு 90 நம்பர் ஆயில், எஞ்சினுக்கு 50 நம்பர் ஆயில். எது கெட்டி? 90 என்றுதானே சொல்லத் தோன்றுகிறது? இல்லை! இரண்டும் ஏறக்குறைய ஒரே கெட்டிதான்! இரண்டுக்கும் அளவுகோல்கள் வேறு வேறு! இன்னொரு ஆச்சரியம் கேளுங்கள். உயர்ந்த ரகம் என்று ஜி.எல்.-5 ஆயிலை வாங்கிப் பழைய கியர் பெட்டியில் ஊற்றினால் என்ன ஆகும்? அதிலுள்ள கந்தகச் சேர்மானம் உள்ளே இருக்கும் பித்தளை வளையங்களை அரித்துவிடக்கூடும்! பல பழைய பெட்டிகளுக்கு ஜி.எல்.-4 தான் உகந்தது. பெட்டியின் வயதைக் கேட்டு ஆயில் ஊற்ற வேண்டும்!

ஒரு வளையத்தின் மேல் நாலு யானை!

பழைய லாரி டயர் ட்யூபும் ஃபிளாப்பும் வைத்து டிஸ்கில் மாட்டப்படும். அதை வெளியே வராமல் பிடித்திருப்பது ஓர் இரும்பு ரிங். 10.00-20 டயரில் 100 பவுண்டு காற்று அடித்தால் அந்த ரிங்கின் பக்கம் தள்ளும் விசை எவ்வளவு தெரியுமா? சுமார் 18 டன்! நாலு யானைகளின் எடை! துருப்பிடித்த ரிங் தெறித்தால் ஆளையே கொன்றுவிடும். அதனால்தான் இரும்புக் கூண்டுக்குள் வைத்துக் காற்று அடிக்க வேண்டும். கழற்றும் முன் காற்றை முழுக்க இறக்கிவிட வேண்டும். இதில் மட்டும் விளையாட்டே கூடாது!

டயருக்கும் பிறந்தநாள் உண்டு!

பட்டன், அதாவது தரையில் பதியும் ரப்பர் பகுதி, பளபளவென்று இருந்தால் டயர் புதிது என்று நம்பிவிடாதீர்கள்! டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கிறதா? 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் பிறந்தது! மூன்றே இலக்கம்தான் இருக்கிறதா? அப்படியானால் அது 2000-க்கு முந்தைய டயர்! ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயதாகும். அப்படி வயதான டயரைப் போட்டுக்கொண்டு பாரம் ஏற்றவே கூடாது!

விமானமும் ரீட்ரேட் டயரில்தான் இறங்குகிறது!

தேய்ந்த டயருக்குப் புதுப் பட்டன் ஒட்டுவதை மட்டமாக நினைக்கிறீர்களா? நீங்கள் பறந்த பயணிகள் விமானம் ரீட்ரேட் டயரில் இறங்கியிருக்கலாம்! புதிய லாரி டயர் ஒன்றுக்குச் சுமார் 83 லிட்டர் எண்ணெய் தேவை, ரீட்ரேட் செய்யச் சுமார் 26 லிட்டர் போதும் என்பது அமெரிக்க டயர் தொழிலின் கணக்கு! முன்பே வார்த்த பட்டனைக் குறைந்த சூட்டில் ஒட்டும் முறையைக் கண்டவர் ஜெர்மனியின் பெர்னார்ட் ஆன்டன் நோவாக். அவர் பெயரின் முதலெழுத்துகள், டார்ம்ஸ்டாட் ஊரின் முதலெழுத்து, கடைசியில் ஜெர்மன் கம்பெனிகளுக்குரிய 'ஏ.ஜி.'. சேர்த்துப் படித்தால்? பேண்டேக்! 1957-இல் அந்தப் பெயரிலேயே அமெரிக்காவில் கம்பெனி வந்தது!

எதிர்ப்பக்கம் சுழலும் நட்டு!

பழைய லாரியின் இடது சக்கர நட்டு எவ்வளவு மிதித்தாலும் கழலவில்லையா? நீங்கள் இறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள்! பல பழைய கனரக லாரிகளில் இடது பக்க நட்டுகளுக்குத் தலைகீழ் மரை! சக்கரம் சுழலும் திசையில் நட்டு தளர்ந்துவிடாதிருக்க அந்த ஏற்பாடு. தெரியாமல் மிதித்துப் போல்ட்டை உடைத்தவர்கள் எத்தனையோ பேர்!

மரணத்தின் விளிம்பில் பிறந்த பிரேக்!

1931. கலிஃபோர்னியாவின் கஹோன் கணவாய். இறக்கத்தில் ஒரு டீசல் லாரியின் பிரேக் செயலிழக்கிறது. கீழே ரயில்பாதை, அதில் ரயில் போய்க்கொண்டிருக்கிறது! மயிரிழையில் தப்பியவர் யார் தெரியுமா? கம்மின்ஸ் எஞ்சினைத் தந்த கிளெஸ்ஸி கம்மின்ஸ்! எஞ்சினையே பிரேக்காக மாற்ற முடியாதா என்ற கேள்வி அவரை விடவே இல்லை. ஓய்வு பெற்ற பிறகு சாதித்துக் காட்டினார்! 1961-இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்த ஜேக்கப்ஸ் கம்பெனி அதுவரை எதற்குப் பெயர் பெற்றிருந்தது? துளைபோடும் டிரில்லின் வாய்ப்பகுதிக்கு!

கியர் பெட்டியே இல்லாத ராட்சசன்!

கனடாவின் ஸ்பார்வுட் ஊரில் 'டைட்டன்' என்ற சுரங்க லாரி நிற்கிறது. உலகிலேயே ஒன்றே ஒன்றுதான் செய்தார்கள்! ஒரே நடையில் சுமார் 317 டன் சுமந்தது. 16 சிலிண்டர், 3,300 குதிரைசக்தி, ரயில் எஞ்சின்! அது மின்சாரம் தயாரிக்க, மோட்டார்கள் சக்கரத்தைச் சுழற்றின. கியருக்கு வேலையே இல்லை! டயர்கள் பத்து, ஒவ்வொன்றும் 11 அடிக்கு மேல் உயரம்! கலிஃபோர்னியாவிலிருந்து அங்கே கொண்டுபோக எட்டு ரயில் வேகன்கள் தேவைப்பட்டன. ஓய்வு பெற்றதும் உடைத்து விற்றார்களா? இல்லை! எஞ்சினை மட்டும் எடுத்துவிட்டு, வண்ணம் பூசி ஊர் அடையாளமாக நிறுத்திவிட்டார்கள்!

கிழவர்களின் ஊர்வலம்!

லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரை வரை பழைய லாரிகளும் பஸ்களும் ஊர்வலம் போவது 1962-இல் தொடங்கியது! லேலண்ட் ஊரிலேயே பழைய லாரிகளுக்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது! அமெரிக்காவின் அயோவாவில் உலகின் மிகப் பெரிய லாரி நிறுத்தத்தை ஒட்டி நூற்றுக்கும் மேற்பட்ட பழைய லாரிகள் பளபளவென்று நிற்கின்றன!

முகத்தில் துண்டு கட்டிய டிரைவர்!

கூரை இல்லை, கதவு இல்லை, கண்ணாடி இல்லை. வெறும் சேஸ் மேல் முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு ஒருவர் லாரி ஓட்டிப் போவதை நம் நெடுஞ்சாலையில் பார்த்திருக்கிறீர்களா? பல்லாண்டுகளாக நம் லாரிகள் பல அப்படித்தான் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தன! கேபினும் பாடியும் நாமக்கல் போன்ற ஊர்களின் பட்டறைகளில்தான் முளைத்தன! பழசானதும் அதே பட்டறைக்கு வந்து, பழைய பாடியை இறக்கிவிட்டுப் புதுப் பாடி கட்டிக்கொண்டு போகும்! இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆசைக்குச் செய்யும் வேலை, நம் ஊரில் அன்றாடப் பிழைப்பு!

கடைசியாக ஒரு சத்தம்!

பின்பக்கம் இரட்டை டயர். உள்டயரில் காற்று இறங்கினாலும் வெளிடயர் தாங்கிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாது. எப்படிக் கண்டுபிடிப்பது? டீக்கடையில் வண்டி நின்றதும் கிளீனர் ஒரு கம்பியோடு இறங்கி ஒவ்வொரு டயராகத் தட்டுவாரே, அது அதற்குத்தான்! 'டங்' என்றால் காற்று இருக்கிறது. 'தொப்' என்றால் ஜாக்கியை எடு! கருவி இல்லை, திரை இல்லை, ஒரு கம்பியும் ஒரு காதும்தான்! அடுத்த தடவை டீ குடிக்கும்போது கவனித்துக் கேளுங்கள். 'டங்... டங்... டங்... தொப்!' எந்த டயர் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டதா?