முதல் பன்னிரண்டு பேர்

சட்டைப் பையில் ரப்பர் விதைகளைப் போட்டுக்கொண்டு, கண்ணில் படும் தோட்டத் துரைகளிடமெல்லாம் ‘நட்டுப் பாருங்கள்’ என்று நச்சரித்தவர் ஹென்ரி ரிட்லி. 1888இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்குப் பொறுப்பேற்று வந்தவர். மரத்தைச் சாகடிக்காமல் பால் வெட்டும் முறையையும் அவரே வகுத்துத் தந்தார். காப்பியில் காசு பார்த்துக்கொண்டிருந்த துரைகள் அவருக்குப் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்று பட்டம் கட்டினார்கள். 1896இல் மலாக்காவில் டான் சே யான் என்பவர் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்ட பிறகுதான் மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காப்பி விலை சரிந்ததும் மோட்டார் வண்டி வந்ததும் கைகொடுத்தன என்பது உண்மைதான். ஆனால் ரிட்லியின் வாய்ச்சொல் செய்யாததைப் பக்கத்துத் தோட்டம் செய்தது.

செம்பனையும் அப்படியே. கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமாரம் தோட்டத்தில் 1917இல் ஹென்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் அதை வணிகப் பயிராக நட்டார். நாடு முழுக்கப் பரவ 1960கள் வரை ஆயிற்று. கலும்பாங் என்ற சிற்றூர்ப் பக்கம் சாலையின் இருபுறமும் நிற்கும் மரங்களைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வராமல் போகாது.

இந்தப் பழங்கதை இன்று தனியாளாகச் செயலி எழுதும் நம் இளைஞருக்கு எதற்கு? அவரும் ரிட்லி செய்ததைத்தான் செய்கிறார். வெளியீட்டுக்கு ஒரு மாதம் முன்பே முகநூலில் அறிவிப்பு, டிக்டாக்கில் காணொளி, கையில் இருக்கும் அத்தனை புலனக் குழுக்களிலும் ஒரே படம். எல்லோரும் வாழ்த்துகிறார்கள். வெளியீட்டு நாளில் எத்தனை பேர் இறக்கினார்கள் என்று பார்த்தால் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

செய்தி பரவுவது வேறு, பழக்கம் பரவுவது வேறு என்கிறது சமூகவியல். எப்போதாவது பார்க்கும் அறிமுகக்காரர்கள் வழியாகத்தான் புதிய செய்தி தூரம் போகிறது என்று 1973இல் மார்க் கிரானோவெட்டர் எழுதினார். செய்திக்கு அது சரி. ஒருவரை எதையாவது செய்யவைக்க அது போதுமா? அமெரிக்க ஆய்வாளர் டேமன் சென்டோலா 2010இல் வெளியிட்ட ஆய்வில் அதைச் சோதித்தார். உடல்நலம் தொடர்பான ஓர் இணையச் சேவையில் யார் சேர்கிறார்கள் என்று பார்க்க 1,528 பேரை இரண்டு வகை வலைகளில் இணைத்தார். ஒரு வகையில் என் நண்பர்கள் தங்களுக்குள்ளும் நண்பர்கள். இன்னொன்றில் என் நண்பர்கள் திசைக்கு ஒருவராகச் சிதறிக் கிடப்பவர்கள். ஆளுக்கு இத்தனை நண்பர்கள் என்ற கணக்கு மட்டும் இரண்டிலும் ஒன்றே. ஒருவர் அந்தச் சேவையில் சேர்ந்ததும் அவருடைய நண்பர்களுக்குத் தகவல் போகும். சிதறிய வலையில் 38 விழுக்காட்டினர் சேர்ந்தார்கள். நெருங்கிய வலையில் 54 விழுக்காட்டினர், அதுவும் வெகு வேகமாக. காரணம் எளிது. நெருங்கிய வட்டத்தில் அதே செய்தி இரண்டாவது ஆளிடமிருந்தும் மூன்றாவது ஆளிடமிருந்தும் வருகிறது. முதல் தடவை கேட்டால் ‘அப்படியா’ என்போம். இரண்டாவது தடவைதான் கைப்பேசியை எடுப்போம்.

இணையத்தில் நடந்த ஒரு சோதனையை அப்படியே தோட்டத்துக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் கலும்பாங் போன்ற ஊரில் பள்ளி, கோயில், சாப்பாட்டுக்கடை மூன்றிலும் அதே முகங்கள்தாமே! முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கான எழுத்து விளையாட்டு ஒன்றை எழுதியிருந்தால், நாடெங்கும் உள்ள ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளுக்கும் ஒரே நாளில் அறிவிப்பு அனுப்புவதைவிட, ஒரு பள்ளியின் முப்பது பெற்றோரிடம் நேரில் போவது மேல் என்பேன்.

தமிழில் இதற்கு முன்னோடி செல்லினம். 1985 முதல் முரசு மென்பொருளை வளர்த்த மலேசியர் முத்து நெடுமாறன், கைப்பேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப அதை உருவாக்கினார். 2005 பொங்கல் நாளில் சிங்கப்பூரில் வெளியீடு, ஒலி 96.8 வானொலி துணை நின்றது. அன்றைய கைப்பேசிகள் பலவற்றுக்குத் தமிழ் தெரியாது. அனுப்புகிறவரிடம் மட்டும் செயலி இருந்து என்ன செய்வது, பெறுகிறவரிடமும் வேண்டுமே. அப்படிப்பட்ட பொருளை ஒரே நேரத்தில் ஒரே நிகழ்ச்சியைக் கேட்கும் நேயர் கூட்டத்தின் முன்னால் வைத்தது நல்ல கணக்கு.

முந்திக்கொண்டு முழங்குவதிலும் ஆபத்து உண்டு. திருவண்ணாமலையில் வளர்ந்து தமிழ் பேசிய ஆடம் ஆஸ்பார்ன், 1981இல் கையில் தூக்கிச் செல்லும் கணினியை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்து பெரும் பணம் பார்த்தார். 1983இல் அடுத்த கணினி வரப்போகிறது என்று முன்கூட்டியே பேசினார். புதியது வரட்டும் என்று கடைக்காரர்கள் பழையதற்கான கொள்முதலை நிறுத்தினார்கள். அந்த ஆண்டு செப்டம்பரிலேயே நிறுவனம் திவாலானது. வேறு காரணங்களும் இருந்தன என்று வாதிடுவோர் உண்டு. ஆனாலும் அந்தச் சறுக்கலுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. இன்று கூகுள் பிளேயில் முன்பதிவைத் திறந்தால் 90 நாளுக்குள் செயலியை வெளியிட்டாக வேண்டும். அந்தக் கெடு நல்லதுதான்.

அதே கூகுளின் இன்னொரு விதியைத்தான் பலர் திட்டுகிறார்கள். 2023 நவம்பர் 13க்குப் பிறகு தனிநபர் கணக்கு தொடங்கியவர், பொது வெளியீட்டுக்கு முன் மூடிய சோதனை ஒன்றை நடத்தவேண்டும். முதலில் 20 பேர் கேட்டார்கள். 2024 இறுதியில் 12 ஆக்கினார்கள். அவர்கள் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருக்கவேண்டும். காசு கொடுத்து ஆள் பிடித்துக் கணக்குக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது விதைநெல்லைக் குத்திச் சமைப்பது. அந்தப் பன்னிரண்டு பேர் ஒரே ஊரில் ஒருவரையொருவர் அறிந்தவர்களாக இருந்தால், சோதனையும் விளம்பரமும் ஒன்றாகவே முடிந்துவிடும். கண் மங்கிய பாட்டி எழுத்தைப் பெரிதாக்கி வைத்த கைப்பேசியில் ‘பதிவு செய்க’ என்ற பொத்தான் ‘பதிவு செ’ என்று வெட்டுப்பட்டு நிற்பதைக் கோலாலம்பூரில் புதுக் கைப்பேசியோடு உட்கார்ந்திருப்பவர் எப்படிக் காண்பார்? பாட்டி சொல்லி அது சரியானதும், அடுத்த வாரம் கோயிலில் அதை நாலு பேரிடம் சொல்லப்போவதும் பாட்டிதான்.

ஆகவே உங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவர் வந்து ‘என் செயலியைச் சோதித்துப் பாருங்கள்’ என்று கேட்டால், ‘நல்லா வா தம்பி’ என்று வாழ்த்தி மட்டும் அனுப்பிவிடாதீர்கள். இறக்கிப் பயன்படுத்துங்கள், பிழையைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள். 14 நாள் முடியும்வரை சோதனையிலிருந்து விலகாதீர்கள்; பன்னிரண்டு பேர் மட்டுமே இருக்கும்போது ஒருவர் விலகினாலும் அந்தப் பிள்ளையின் கணக்கு உதைக்கும்.