கருவும் பதினான்காம் நாளும்

குழந்தையின் வயதை எந்த நாளிலிருந்து எண்ணுவது? சோதிடரைக் கேட்டால் பிறந்த நேரத்தைச் சொல்வார். மகப்பேறு மருத்துவரோ தாயின் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து வாரங்களைக் கணக்கிடுவார். அந்த நாளில் கரு உருவாகியே இருக்காது! இவையெல்லாம் நடைமுறை வசதிக்கான கணக்குகள். ஆனால், ‘மனிதக் கருவை எத்தனை நாள் வரை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாம்?’ என்று கேட்டால் வசதியை மட்டும் பார்த்து விடை சொல்ல முடியாது. பிரிட்டன் இதற்கு ‘14 நாள்’ என்று விடை கூறியது. இந்த எண் எங்கிருந்து வந்தது?

1978 ஜூலையில் உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிரிட்டனில் பிறந்தது. அதுவரை கருப்பைக்குள் மறைந்திருந்த மனிதக் கரு இப்போது கண்ணாடித் தட்டில் விஞ்ஞானியின் கண்முன்னே இருந்தது. ஒரு தாய்க்காகப் பல முட்டைகளைக் கருவுறச் செய்யும்போது சில கருக்கள் மிஞ்சும். அவற்றை என்ன செய்வது? அழித்துவிடலாமா, ஆராயலாமா? இதை முடிவு செய்ய 1982-இல் மேரி வார்னாக் என்ற தத்துவப் பேராசிரியையின் தலைமையில் ஒரு குழுவை அரசு அமைத்தது. மருத்துவர், சட்டம் அறிந்தவர், சமயச் சிந்தனையாளர் எனப் பலதரப்பட்டவர் அதில் இருந்தனர். அவர்களுக்குக் கருவின் முதல் நாட்களைப் பொறுமையாக விளக்கியவர் ஆன் மெக்லாரன் என்ற கருவியல் அறிஞர்.

அந்த நாட்களை நாமும் சற்று கவனிப்போம். கருவுற்ற முட்டை ஒன்று இரண்டாய், இரண்டு நான்காய்ப் பிரிகிறது. ஐந்தாறு நாட்களில் அது நீர் நிறைந்த ஒரு நுண்ணிய பந்தாகிறது. அதன் உட்சுவரில் ஒரு சிறு செல் கூட்டம் ஒட்டிக்கொண்டிருக்கும். குழந்தையின் உடல் இந்தக் கூட்டத்திலிருந்தே உருவாகிறது. பந்தின் வெளிச்சுவர் நஞ்சுக்கொடியை உண்டாக்கப் பயன்படுகிறது. ஏறத்தாழ பதினைந்தாம் நாளில் ஓர் அதிசயம் நிகழ்கிறது. தட்டையாகக் கிடந்த செல்களின் நடுவே மெல்லிய கோடு ஒன்று தோன்றுகிறது. இதனை ஆதிக்கோடு என்பர். தலை எந்தப் பக்கம், இடம் எது, வலம் எது என்பவை அப்போதுதான் தெளிவாகத் தெரியத் தொடங்குகின்றன. அதற்கு முன்பு கரு இரண்டாகப் பிளந்து இரட்டைக் குழந்தைகளாவதுண்டு. கோடு தோன்றிய பின் அது மிக அரிது. ஒன்றாவதா இரண்டாவதா என்று முடிவாகாத ஒன்றை ‘ஒரு மனிதர்’ என்று எப்படிச் சொல்வது? 14 நாள் வரம்புக்கு ஆதாரமாக நின்ற வாதம் இதுவே.

1984-இல் குழு அறிக்கை தந்தது. அதன் உறுப்பினர் அனைவரும் ஒத்துக்கொண்டதாக எண்ண வேண்டாம். கருக்களில் ஆராய்ச்சியே கூடாது என்று மூவர் தனிக்குறிப்பு எழுதினர். வளர்ச்சி இடைவிடாத ஓட்டம், அதன் நடுவே எங்கே கோடு கிழித்தாலும் அது நாமாகக் கிழித்ததுதான், தெளிவான தொடக்கம் கருவுறுதல் ஒன்றே என்பது எதிர்ப்பாளர் வாதம். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. 1985 பிப்ரவரியில் இனாக் பவல் என்ற உறுப்பினர் இத்தகைய ஆராய்ச்சியைத் தடுக்கும் மசோதாவைக் கொண்டுவந்தபோது, 238 பேர் ஆதரித்தனர்; எதிர்த்தவர் 66 பேர் மட்டுமே. நேரம் போதாமல் போனதால்தான் அது சட்டமாகவில்லை. பரம்பரை நோயால் குழந்தைகளை இழந்த பெற்றோரின் குரலும் விஞ்ஞானிகளின் விளக்கமும் அடுத்த ஐந்தாண்டில் நிலைமையை மாற்றின. 1990-இல் 14 நாள் வரம்புடன் ஆராய்ச்சியை அனுமதிக்கும் சட்டம் நிறைவேறியது.

1998-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் தாம்சன், மேலே சொன்ன உட்செல் கூட்டத்தைப் பிரித்தெடுத்து வளர்த்துக் காட்டினார். இவையே கருவின் மூலச் செல்கள், அதாவது ‘ஸ்டெம் செல்கள்’. நரம்பு, இதயத் தசை, இன்சுலின் சுரக்கும் செல் என எதுவாகவும் மாறவல்லவை. ஆனால் அவற்றை எடுத்தால் அந்தக் கரு அழியும். சிக்கல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 9 அன்று அதிபர் புஷ், அதுவரை உருவாக்கப்பட்டிருந்த செல் வரிசைகளுக்கு மட்டுமே மத்திய அரசின் பணம் கிடைக்கும் என்றார். தனியார் பணத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை! 2009-இல் ஒபாமா அதை நீக்கினார். ஜெர்மனியோ கருவிலிருந்து செல் எடுப்பதைத் தன் மண்ணில் தடை செய்துவிட்டு, ஒரு குறிப்பிட்ட தேதிக்கு முன் வெளிநாட்டில் எடுத்தவற்றை இறக்குமதி செய்ய 2002-இல் வழி வைத்தது. பாவத்தை அயலார் கணக்கில் எழுதும் ஏற்பாடு என்றே எனக்குத் தோன்றுகிறது.

2006-இல் ஜப்பானின் ஷின்யா யமனாக்கா, எலியின் சாதாரணச் செல்லையே மூலச் செல் போன்ற நிலைக்குத் திருப்பினார். அடுத்த ஆண்டில் மனிதச் செல்லிலும் இது கைகூடியது. கருவே தேவையில்லை, சச்சரவு தீர்ந்தது என்று பலர் மகிழ்ந்தனர். ஆனால் கரு எப்படி வளர்கிறது என்பதை அறியக் கருவைத்தானே பார்க்க வேண்டும்?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 14 நாள் வரம்பு வகுத்த காலத்தில் எந்த ஆய்வுக்கூடத்தாலும் மனிதக் கருவை அவ்வளவு நாள் வளர்க்க முடியாது. யாரும் எட்டாத இடத்தில் கட்டிய வேலி அது! 2016-இல்தான் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இரு குழுவினர் கருவைப் பன்னிரண்டு, பதின்மூன்று நாள் வரை வளர்த்து, வரம்புக்குட்பட்டு நிறுத்திக்கொண்டனர். 2017-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட நெறிமுறைகளும் இதே வரம்பைக் கூறின. ஆனால் 2021-இல் மூலச் செல் ஆராய்ச்சிக்கான சர்வதேசச் சங்கம் 14 நாளைத் தாண்டுவதைத் தன் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. உறுப்புகள் உருவாகத் தொடங்கும் அடுத்த இரு வாரங்களில் நடப்பவை இன்னும் இருட்டாகவே உள்ளன. பிறவிக் குறைகள் சிலவற்றின் வேர் அங்கே இருக்கிறது என்பது விஞ்ஞானிகளின் வாதம். வேலி எட்டாத வரையில் மதித்தீர்கள், எட்டியதும் நகர்த்தச் சொல்கிறீர்களே என்பது எதிர்ப்பாளர் கேள்வி.

இதற்கிடையே 2023-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிலையத்தில் ஜேக்கப் ஹன்னாவின் குழுவினர், விந்தும் முட்டையும் சேராமலே, மூலச் செல்களை மட்டும் கொண்டு மனிதக் கருவைப் போன்ற ஓர் அமைப்பை வளர்த்தனர். கருப்பையில் வைத்தாலும் அது குழந்தையாகாது. ஆய்வுக்கூடத்தில் அது வளர்ந்தது எட்டு நாள். அதன் தோற்றமோ பதினான்காம் நாள் கருவை ஒத்திருந்தது. இதற்கு எந்த நாளிலிருந்து எண்ணுவது?